கடிய மேலதிகாரியிடம் கற்ற பாடங்கள்



நம் இல்லங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறித் துறையில் பணிபுரிகின்றனர். முதல் வேலையில் அமர்ந்த சில திங்களுக்குள் அவர்கள் பெற்றோரிடம் சொல்லும் முதற்குறை பெரும்பாலும் மேலதிகாரியைப் பற்றியதாகவே இருக்கின்றது. "எவ்வளவு செய்தாலும் அவருக்கு நிறைவில்லை, எல்லார் முன்னிலையிலும் கடிந்து பேசுகின்றார், இன்று கொடுத்த வேலையை நாளைக்குள் முடி என்கின்றார்" என்று பிள்ளை தொலைபேசியில் வருந்தும்போது, வீட்டிலுள்ளோர் இரண்டில் ஒன்றைக் கூறுவர். "பொறுத்துக்கொள்ளப்பா, எல்லா இடமும் இப்படித்தான்" என்பார் தந்தை. "அப்படிப்பட்ட வேலை வேண்டாம், புறப்பட்டு வந்துவிடு" என்பார் தாய். இரண்டும் அன்பினால் எழுந்த சொற்களே. ஆயினும், இவ்விரண்டிற்கும் இடையே கேட்க வேண்டிய வினா ஒன்று உள்ளது. அந்த மேலதிகாரியிடமிருந்து எதனை எடுத்துக்கொள்வது? எதனை விட்டுவிடுவது?

இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தவர் ஒருவர் உளர். கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழில் உலகில் தோன்றிய நாளிலேயே அதனை மேற்கொண்டவர் அவர். அவருக்கு வாய்த்த முதல் மேலதிகாரி, அத்துறையின் வரலாற்றில் மிகக் கடியவர்களுள் ஒருவராகப் பேசப்படுபவர். அந்த மாணவி கிரேஸ் ஹாப்பர். அந்த மேலதிகாரி ஹோவர்ட் எய்க்கன். இவர்கள் இருவரும் அமெரிக்க நாட்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1944 முதல் 1949 வரை ஒருங்கு பணிபுரிந்த ஐந்தாண்டுகளிலிருந்து நாம் கற்கத்தக்கவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதல் நாள்

கிரேஸ் ஹாப்பர் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் வாசர் கல்லூரியிலேயே கணிதப் பேராசிரியராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, அமெரிக்கக் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர விழைந்தார். அவருடைய எடை 105 பவுண்டு. கடற்படை வகுத்திருந்த அளவிற்கு 15 பவுண்டு குறைவு. அதற்குத் தனி விலக்குப் பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சிப் பள்ளியில் தம் வகுப்பிலேயே முதல்வராகத் தேர்ந்து, 1944-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஹார்வர்டுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 37.

அங்கே அவரை எதிர்கொண்டவர் கடற்படைக் கமாண்டர் எய்க்கன். நெடிய உருவமும் கடுகடுத்த முகமும் உடையவர். வரவேற்புச் சொல் ஒன்றும் இல்லை. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர் என்பதே அவர் வாயினின்று வந்த முதற் கேள்வி. பயிற்சிப் பள்ளியில் இருந்ததாக ஹாப்பர் விடை கூறினார். அப்பயிற்சி உமக்குத் தேவையில்லை என்று முன்னரே சொல்லியிருந்தேனே என்று எய்க்கன் சலித்துக்கொண்டார். பெண் அதிகாரி ஒருவர் தம்மிடம் வருவதை அவர் தொடக்கத்தில் விரும்பவில்லை என்றும் கூறுவர்.

அடுத்து, அறையில் நின்றிருந்த இயந்திரத்தைக் காட்டினார். மார்க்-1 என்று பெயர்பெற்ற அக்கணிப்பொறி 51 அடி நீளமும் 8 அடி உயரமும் ஏறத்தாழ 5 டன் எடையும் கொண்டது. அதற்குத் திரையில்லை, இன்றுள்ளதுபோல் விசைப்பலகையும் இல்லை. துளையிட்ட காகித நாடா ஒன்று சுழலச் சுழல, அத்துளைகளை ஆணைகளாகப் படித்து இயங்கும். ஒரு நொடியில் மூன்று கூட்டல் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி வேண்டும். இன்றைய நிலையில் இது விளையாட்டுப் பொருள். அன்று அதனையொத்த கருவி உலகில் மிக அரிது.

அத்தகைய கருவியை அதுவரை கண்டேயிராத ஹாப்பரிடம் ஆணைத் தொகுதிகள் அடங்கிய ஏட்டைக் கொடுத்து, கோணவியல் சார்ந்த அட்டவணை ஒன்றிற்குரிய எண்களை 23 இலக்கத் துல்லியத்துடன் கணக்கிட்டு அடுத்த வியாழக்கிழமைக்குள் தருமாறு எய்க்கன் பணித்தார். பயிற்சி வகுப்பு இல்லை, ஆசான் இல்லை, படிப்பதற்குக் கையேடும் இல்லை. இன்றைய இளைஞர் ஒருவர்க்கு முதல் நாளே இவ்வாறு நேரின் அன்று மாலையே அவர் வீட்டிற்குத் தொலைபேசியில் என்ன சொல்லியிருப்பார் என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்க்கலாம்.

கேட்டுத் தெளிதல்

ஹாப்பர் என்ன செய்தார்? தமக்கு முன்னரே அங்கு நிரல் எழுதிக்கொண்டிருந்த இளம் அதிகாரிகள் இருவரை அணுகினார். ஒருவர் ரிச்சர்ட் பிளாக். மற்றவர் இராபர்ட் கேம்ப்பெல். பிளாக் முந்தைய ஆண்டுதான் பட்டப்படிப்பை முடித்தவர். ஹாப்பரின் மாணவராக இருந்திருக்கத்தக்க வயதினர். நரைத்த தலையுடைய பள்ளி ஆசிரியை ஒருவர் வரப்போகின்றார் என்று கேள்வியுற்று, அவர் அருகில் தாம் உட்காராதிருக்கும்பொருட்டு அவ்விருவரும் ஒருவருக்கொருவர் கையூட்டுக் கொடுக்க முற்பட்டனர் என்பதைப் பிற்காலத்தில் ஹாப்பரே நகைச்சுவையோடு கூறுவதுண்டு.

முனைவர் பட்டமும் பத்தாண்டுக்கு மேற்பட்ட ஆசிரியப் பணியும் உடைய ஒருவர், அவற்றையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு, இளைஞர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, ஆணைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றார். இயந்திரத்தின் உறுப்புகளுள் மின்தொடுமுனை எங்கே பழுதுபட்டுப் பொறி தெறிக்கின்றது என்பதைக் காணத் தம் கைப்பையிலிருந்த சிறு முகக்கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்ப்பார். பகலிரவு பாராது இயங்கிய அவ்வியந்திரத்தின் அருகிலேயே பல இரவுகளைக் கழித்தார்.

இதிலுள்ள பாடம் வெளிப்படை. கடிய மேலதிகாரி சொல்லித் தரமாட்டார். ஆனால் சொல்லித் தருவோர் பெரும்பாலும் அடுத்த மேசையிலேயே இருப்பர். அவர் நம்மினும் இளையராயிருத்தல் கூடும். பட்டத்தில் குறைந்தவராயிருத்தலும் கூடும். கேட்க நாணுகின்றவர்க்கு மேலதிகாரியின் கடுமை மலையாகத் தோன்றும். கேட்கத் துணிந்தவர்க்கு அது வெறும் ஒரு வாரத்து வேலையாகிவிடும்.

எழுதிப் பழகுதல்

சில காலம் சென்றபின், ஒருநாள் எய்க்கன் ஹாப்பரின் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். ஹாப்பர் எழுந்து நின்றதும், இவ்வியந்திரத்தைப் பற்றி நீர் ஒரு நூல் எழுதப் போகின்றீர் என்றார். தமக்கு நூல் எழுதத் தெரியாது என்று ஹாப்பர் மறுத்தார். இப்போது நீர் இருப்பது கடற்படையில் என்பதே எய்க்கன் அளித்த விடை. அதற்குமேல் பேச்சில்லை.

அன்று தொடங்கி, நாள்தோறும் எழுதிய ஐந்து பக்கம் அளவினதை மாலையில் எய்க்கன் முன் படித்துக்காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் கேட்பார், தெளிவில்லாத இடத்தில் நிறுத்துவார், திருத்தி எழுதச் சொல்வார். இவ்வாறு வளர்ந்த அந்நூல் 500 பக்கங்களைக் கடந்து 1946-ஆம் ஆண்டு வெளிவந்தது. கணிப்பொறி ஒன்றை இயக்குவதற்கென எழுதப்பட்ட முதல் பெருங்கையேடுகளுள் அது ஒன்று. சார்லஸ் பாபேஜ் முதலிய முன்னோர் வரலாறும் அதன் முதற்பகுதியில் இடம்பெற்றது.

எழுதத் தெரியாது என்று கூறியவர், பிற்காலத்தில் பெருங்கூட்டங்களிலும் எளிய மக்களிடத்தும் கணிப்பொறியைப் பற்றித் தெளிவுறப் பேசுவதில் புகழ்பெற்றார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் மின்சாரம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைக் காட்ட, ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கையோடு கொண்டுசென்று கேட்போர்க்கு வழங்குவார். கடினமானதைப் பிறர்க்கு விளங்கச் சொல்லும் அத்திறன், நாள்தோறும் ஐந்து பக்கம் படித்துக்காட்டிய அம்மாலைகளில் உரம் பெற்றது எனலாம்.

நம் பிள்ளைகள் நிரல் எழுதுவதில் ஊக்கம் காட்டுவர். அந்நிரல் என்ன செய்கின்றது என்பதைப் பிறர்க்கு விளங்குமாறு எழுதிவைப்பதில் சோம்புவர். மேலதிகாரி அதனை வற்புறுத்தினால், வீண்வேலை தருகின்றார் என்று வருந்துவர். எழுதி விளக்க இயலாத ஒன்றை நாம் இன்னும் முழுதும் அறிந்துகொள்ளவில்லை என்பதே உண்மை. இவ்வுண்மையை உணர்த்தும் மேலதிகாரி கடிந்து சொன்னாலும் நன்மையே செய்கின்றார்.

குறிப்பேடும் அந்துப்பூச்சியும்

எய்க்கன் தம் ஆய்வுக்கூடத்தைக் கப்பலைப் போல நடத்தினார். கப்பலில் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நாட்குறிப்பேட்டில் பதிவது மரபு. அவ்வாறே கணிப்பொறிக்கும் குறிப்பேடு இருந்தது. எந்த நேரத்தில் எந்தக் கணக்கு தொடங்கியது, எப்போது நின்றது, ஏன் நின்றது என்பன எல்லாம் அதில் எழுதப்பட்டன.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அடுத்த இயந்திரமாகிய மார்க்-2 பழுதுற்று நின்றது. இயக்குவோர் ஆராய்ந்தபோது, 70-ஆம் எண்ணுள்ள ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று அகப்பட்டு இறந்துகிடந்தது. அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, மெய்யான பூச்சியே முதன்முறையாகக் கிடைத்ததெனக் குறித்துவைத்தனர். அப்பக்கம் இன்றும் அமெரிக்க நாட்டின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சார்ந்த தொகுப்பில் உள்ளது. நிரலிலுள்ள பிழையைப் 'பூச்சி' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கும் வழக்கம் இந்நிகழ்ச்சியால்தான் பிறந்தது என்று பலர் சொல்வர், அது சரியன்று. எடிசன் காலத்திலேயே அச்சொல் வழக்கில் இருந்தது. பூச்சியைக் கண்டெடுத்தவர் ஹாப்பர் என்பதும் சரியன்று. அவர் அக்கதையைப் பலர்க்கும் சொல்லிப் பரப்பியவர்.

இக்கதையின் மற்றொரு பகுதியையும் ஹாப்பர் விரும்பிச் சொல்வார். எய்க்கன் அடிக்கடி அறைக்குள் வந்து, எண்கள் விளைகின்றனவா என்று வினவுவாராம். இயந்திரம் நின்றிருக்கும் நேரங்களில் என்ன சொல்வது என்று எல்லாரும் திகைப்பர். இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், பூச்சி நீக்கிக்கொண்டிருக்கின்றோம் என்று சொல்லக் கற்றுக்கொண்டனராம். மேலதிகாரியின் கடுமைக்கு நடுவே இவ்வாறு ஒருங்கு சிரிக்கத் தெரிந்த குழு எளிதில் உடைவதில்லை. அதே வேளையில், அவர்கள் சொன்னது பொய்ச்சாக்காகவும் இருக்கவில்லை. என்ன நேர்ந்தது என்பது குறிப்பேட்டில் இருந்தது. யார் வினவினும் காட்டலாம். எழுத்தில் சான்றுடையவர் மேலதிகாரியின் கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பெயர்த்தெழுதும் பிழை

ஹாப்பரும் பிளாக்கும் கேம்ப்பெல்லும் ஆளுக்கொரு ஏடு வைத்திருந்தனர். சரியென உறுதிப்பட்ட நிரற்பகுதிகளை அவற்றில் எழுதிவைப்பர். ஒருவர் எழுதிய பகுதி மற்றவர்க்குத் தேவைப்படின், அதனைப் பார்த்துத் தம் நிரலில் பெயர்த்தெழுதிக்கொள்வர். அவ்வாறு எழுதும்போதுதான் பிழைகள் புகுந்தன. ஆங்கில எழுத்தாகிய 'பி' விரைந்த எழுத்தில் 13 என்னும் எண்ணாக மாறும். 4 என்பது வேறொரு குறியாக உருமாறும். ஓலைச்சுவடிகளில் புள்ளியின்றியும், காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடின்றியும் எழுதியதால் ஏடு பெயர்த்தெழுதுவோர் எத்தனை பாடவேறுபாடுகளைத் தோற்றுவித்தனர் என்பதை அறிந்த தமிழ் வாசகர்க்கு இது புதிதன்று.

எய்க்கனின் ஆய்வுக்கூடத்தில் பிழைக்கு இடமில்லை. ஆகவே ஒவ்வொரு பிழையும் எங்கே பிறந்தது என்று தேடும் பழக்கம் ஹாப்பருக்கு வந்தது. தேடியபோது, மனிதர்கள் பார்த்தெழுதுவதிலும் கூட்டுவதிலும் இயல்பாகவே தவறுவர் என்பதையும், அவ்விரண்டையும் தவறாமல் செய்வதற்கென்றே கணிப்பொறி உள்ளது என்பதையும் கண்டார். அப்படியாயின், நிரற்பகுதிகளைப் பெயர்த்தெழுதி ஒன்றுசேர்க்கும் வேலையையும் கணிப்பொறியிடமே ஒப்படைத்தால் என்ன?

ஹார்வர்டை விட்டு நீங்கியபின், 1952-இல் அவர் உருவாக்கிய ஏ-0 என்னும் கருவிநிரல் இவ்வினாவின் விளைவே. கம்பைலர் என்று இன்று மாணவர் எல்லாரும் அறிந்த தொகுப்பிகளின் தொடக்கம் அது. அது இயங்கிக் காட்டியபின்னரும், கணிப்பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று கூறிப் பலர் நம்ப மறுத்தனர். அவர் அதனோடு நில்லாமல், வணிக அலுவலகங்களில் வழங்கும் ஆங்கிலச் சொற்களைக் கொண்டே நிரல் எழுத உதவும் ஃப்ளோமேட்டிக் என்னும் மொழியை உருவாக்கினார். 1959-இல் தொடங்கிய கோபால் மொழி அதனைப் பெரிதும் தழுவியது. உலகின் வங்கிகள் பலவற்றில் இன்றும் கோபால் நிரல்கள் இயங்கி வருகின்றன.

பிழைக்காகக் கடிந்துகொள்ளப்பட்டவர் இருவகைப்படுவர். சிலர் கடிந்தவரையே நினைந்து மனம் புழுங்குவர். வேறு சிலர் பிழையை நினைந்து அதன் வேரைத் தேடுவர். முன்னையோர்க்கு அந்நாள் வீணாகின்றது. பின்னையோர்க்கு அந்நாள் ஒரு கண்டுபிடிப்பின் விதையாகின்றது.

அவர் இயல்பை அறிதல்

எய்க்கன் ஏன் அத்தகையவரானார்? அவருடைய இளமையை அறிந்தால் ஓரளவு விளங்கும். 1900-ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே தந்தையின் ஆதரவை இழந்து, பள்ளிப் பருவத்திலேயே வேலைக்குச் செல்ல நேர்ந்தது. இரவில் மின்நிறுவனத்தில் வேலை, பகலில் பள்ளி என்று பயின்றார். பல்கலைக்கழகப் படிப்பையும் வேலைபார்த்துக்கொண்டே 1923-இல் முடித்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெறும்போது அவருக்கு வயது 39. தம்மிடத்து இரக்கம் காட்டாதவர் பிறரிடத்தும் அதனைக் காட்ட அறியாதிருத்தல் உலகில் காணும் ஒன்றே.

ஹாப்பர் அவரைத் திருத்த முயலவில்லை. ஓர் இயந்திரத்தின் மின்கம்பிகள் ஒரு வகையாகப் பிணைக்கப்பட்டிருப்பது போல எய்க்கனும் ஒரு வகையாகப் பிணைக்கப்பட்டவர். அதனை அறிந்துகொண்டால் அவரோடு நன்றாகப் பணிபுரியலாம் என்ற கருத்துப்படப் பின்னாளில் கூறினார். அவர் சினத்தைத் தம் மீதுள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், அவர் வேண்டுவது என்ன என்பதையே நோக்கினார். நாளடைவில், பெண் அதிகாரியை விரும்பாத எய்க்கனே அவரை வலக்கையாகக் கருதும் நிலை உண்டாயிற்று. போர் முடிந்தபின் வாசர் கல்லூரி முழுப் பேராசிரியர் பதவி அளிக்க முன்வந்தபோதும், ஹாப்பர் அதனை மறுத்து, அக்கடிய மனிதரின் ஆய்வுக்கூடத்திலேயே இருக்க விழைந்தார்.

கடுமையால் நேர்ந்த இழப்புகள்

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, கடுமையே நன்று என்று யாரும் முடிவு செய்தல் கூடாது. அதே ஆய்வுக்கூடத்தில் இராபர்ட் ரெக்ஸ் சீபர் என்பவரும் இருந்தார். எண்களைப் போலவே ஆணைகளையும் இயந்திரம் தானே மாற்றிக்கொள்ளும் வகையில் அமைக்கலாம் என்பது அவர் எண்ணம். எய்க்கன் அதனை ஏற்கவில்லை. மனம் ஒட்டாத சீபர் 1945-இல் வெளியேறி ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவருடைய எண்ணத்திற்கு இடங்கொடுத்து உருவான பேரியந்திரம் 1948 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கிவைக்கப்பட்டது. செவிகொடுத்துக் கேளாத மேலதிகாரி, தம் கையிலிருந்த செல்வத்தைத் தாமே பிறர்க்குக் கொடுத்தவராகின்றார்.

மார்க்-1 இயந்திரத்தைக் கட்டிக்கொடுத்ததே ஐ.பி.எம். நிறுவனந்தான். 1944 ஆகஸ்ட் 7-ஆம் நாள் நடந்த அர்ப்பணிப்பு விழாவின்போது, அதனை ஆக்கியவர் எய்க்கன் ஒருவரே என்பதுபோல் செய்தி வெளியிடப்பட்டது. அந்நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் கடுஞ்சினம் கொண்டார். பிறர் உழைப்பிற்குரிய பெருமையை மறைத்த அச்செயலால் பெரியதொரு நட்பு முறிந்தது.

ஹாப்பர் உடலாலும் உள்ளத்தாலும் செலுத்திய விலையும் உண்டு. ஓய்வற்ற உழைப்பும் எதிர்காலம் பற்றிய கவலையும் சேர்ந்து நெருக்க, 1940-களின் இறுதியில் அவர் மதுவுக்கு இடங்கொடுத்துத் துன்புற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். நண்பர் ஒருவர் உண்மையை எடுத்துரைத்துக் கடிதம் எழுதினார். பின்னர் நெடுங்காலம் அவர் ஆற்றிய அரும்பணிகளை உலகம் அறியும். பணியின் அழுத்தத்தைத் தனியே சுமக்கும் பிள்ளை எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பெற்றோர் அறியார். "வேலை எப்படி இருக்கிறது?" என்று கேட்பதோடு, "நீ எப்படி இருக்கிறாய்?" என்றும் கேட்க வேண்டும்.

மேலும் ஒன்று உண்டு. 1944-இல் ஜான் வான் நாய்மன் என்னும் கணித மேதை அரிய கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். ஹார்வர்டு குழுவினர் அதற்கு நிரல் எழுதி விடை கண்டனர். அது எதன்பொருட்டு என்பது அவர்கட்குச் சொல்லப்படவில்லை. 1945 ஆகஸ்டில் நாகசாகி நகரம் அழிந்தபின்னரே, அத்தகைய குண்டை வெடிக்கச் செய்யும் முறைக்குரிய கணக்கு அது என்பது புலனாயிற்று. ஒரு செயலை எவ்வாறு பிழையின்றிச் செய்வது என்பதைக் கடிய மேலதிகாரி கற்றுத் தரலாம். அச்செயல் எதற்காக என்பதை அவர் கற்றுத் தரமாட்டார். கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் இல்லங்களிலிருந்து செல்லும் பிள்ளைகள் இவ்வினாவைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

தாமே மேலதிகாரியானபோது

1949-இல் ஹாப்பர் ஹார்வர்டை விட்டு நீங்கினார். அங்குப் பெண்டிர்க்கு நிலையான பதவி கிட்டும் வாய்ப்பு அன்று இல்லை. பிலடெல்பியாவில் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, விரைவில் தாமே ஒரு குழுவிற்குத் தலைவரானார். நாம் உற்றுநோக்க வேண்டிய இடம் இதுவே. மாமியாரிடம் துன்புற்ற மருமகள், தான் மாமியாரானதும் அதனையே தன் மருமகளுக்குச் செய்வதை நாம் கண்டிருக்கின்றோம். ஹாப்பர் அவ்வாறு செய்யவில்லை.

எய்க்கனிடம் கற்ற துல்லியம், எழுதிவைக்கும் பழக்கம், குறித்த நாளில் முடிக்கும் உறுதி ஆகியவற்றை அவர் கைவிடவில்லை. ஆனால் இளையோர் சொல்வதைக் கேட்டார். புதியதை முயன்று தவறியவரைத் தட்டிக்கொடுத்தார். 'எப்போதும் இப்படித்தான் செய்து வந்தோம்' என்னும் சொல்லை மிகவும் வெறுத்தார். அதனை நினைவூட்டத் தம் அறையில் பின்னோக்கிச் சுழலும் கடிகாரம் ஒன்றை மாட்டிவைத்திருந்தார். கடற்படையில் ரியர் அட்மிரல் நிலைக்கு உயர்ந்து, 1986-இல் தம் 79-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். தம் சாதனைகளுள் பெருமைக்குரியதாக அவர் கருதியது, தாம் பயிற்றிய இளைஞர்களையே. 1992-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1997-இல் பணியில் சேர்ந்தது. 2016-இல் அந்நாட்டின் உயரிய குடிமக்கள் விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

எய்க்கனுக்கும் நாம் நேர்மை செய்தல் வேண்டும். கணிப்பொறியியலில் உயர்கல்வியை மிக முற்காலத்தே தொடங்கியவர்களுள் அவர் ஒருவர். அவரிடம் பயின்ற கென்னத் ஐவர்சன் 1979-இலும், பிரெடரிக் புரூக்ஸ் 1999-இலும் அத்துறையின் மிக உயர்ந்த பரிசாகிய டியூரிங் விருதைப் பெற்றனர். கடுமைக்குள்ளும் கொடை இருந்தது.

பொறுக்கத்தக்கதும் பொறுக்கலாகாததும்

இளைஞர்கள் ஒன்றை நன்கு பிரித்தறிதல் வேண்டும். வேலையின் தரத்தில் கடுமை காட்டுவது வேறு. மனிதரை இழிவுசெய்வது வேறு. 'இது பிழை, திருத்துக' என்று உரத்துச் சொல்வதைப் பொறுக்கலாம். பொய்க் கணக்கு எழுதச் சொல்வதையும், பிறர் உழைப்பைத் தம் பெயரில் காட்டச் சொல்வதையும், பெண் ஊழியரிடம் வரம்பு மீறுவதையும் பொறுத்தல் அறமன்று. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நம் நாட்டில் 2013-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் அலுவலகங்களில் முறையீட்டைக் கேட்கும் உட்குழு இருத்தல் வேண்டும். அதனை நாடுவதற்குப் பிள்ளைகள் தயங்கவும் கூடாது. பெற்றோர் தடுக்கவும் கூடாது.

ஹாப்பர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறின்:

1. தெரியாததை அடுத்திருப்பவரிடம் கேட்க நாணற்க.
2. செய்ததை நாள்தோறும் எழுதிவைக்க.
3. கடிந்த சொல்லை விடுத்து, கடியப்பட்ட பிழையின் வேரைத் தேடுக.
4. மேலதிகாரியின் இயல்பை அறிக; அவர் சினத்தை உன்னைப் பற்றிய தீர்ப்பாகக் கொள்ளற்க.
5. செய்யும் வேலை எதன்பொருட்டு என்பதை அறிய முயல்க.
6. நாளை உனக்குக் கீழ் ஒருவர் வருங்கால், நீ பெற்ற பயிற்சியைக் கொடு. நீ பட்ட துன்பத்தைக் கொடாதே.

சிந்தனைக்கு

இக்கட்டுரையைப் படித்தபின், குடும்பத்தில் அனைவரும் சேர்ந்து பின்வரும் வினாக்களைப் பேசிப் பார்க்கலாம். உன் ஆசிரியர்களுள் அல்லது மேலதிகாரிகளுள் மிகக் கடியவர் யார்? அவரிடமிருந்து இன்றும் உன்னிடம் தங்கியுள்ள நற்பழக்கம் யாது? அவரைப் போல நீயும் பிறரிடம் நடந்துகொண்ட நாள் உண்டா?

மூன்றாவது வினாவிற்குப் பெரியவர்களே முதலில் விடை கூறுவார்களாயின், பிள்ளைகளும் தம் மனக்குறையை ஒளிக்காமல் சொல்வார்கள்.